பாப்பாவுக்கு அலர்ஜி சோதனை!

இறால் குழம்பு சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். குழந்தையின் உதடு வீங்குகிறது. கையிலும் முதுகிலும் தடிப்பு தடிப்பாகக் கிளம்புகிறது. குழந்தை சொறிந்துகொண்டே அழுகிறது.

“காணாக்கடி” என்கிறார் பாட்டி. வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுக்கிறார். இரண்டு மணி நேரத்தில் தடிப்பு அடங்கிவிடுகிறது.

ஆனால் வீட்டில் பயம் அடங்குவது இல்லை!

அன்று முதல் இறால் கிடையாது. அடுத்த வாரம் மீனும் நின்றுவிடுகிறது. “முட்டை சூடு” என்கிறார் ஒருவர். முட்டை போகிறது. “கத்தரிக்காய் கரப்பான் பண்டம் ஆச்சே!” என்கிறார் இன்னொருவர். கத்தரிக்காய் போகிறது. பாலுக்கும் சந்தேகம் வருகிறது. கடைசியில் குழந்தைக்கு மிஞ்சுவது ரசம் சோறும் இட்லியும்தான்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், குழந்தை எடை கூடவே இல்லை.

பல வீடுகளில் நடக்கிற சங்கதி இது. குழந்தைக்கு ஆகாதது ஒரே ஒரு பொருளாக இருக்கும். நிறுத்துவதோ பத்துப் பொருள்! அந்த ஒரு பொருள் எது என்று கண்டுபிடிக்கத்தான் டாக்டர்கள் அலர்ஜி சோதனை செய்கிறார்கள்.

“நாலு வயதுக் குழந்தைக்கா? உடம்பெல்லாம் ஊசி குத்துவார்களாமே!” என்று பதறுகிற தாய்மார்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வியன்னா டாக்டர்

அலர்ஜி என்ற சொல்லைப் படைத்தவர் ஒரு குழந்தை வைத்தியர். அவர் பெயர் கிளமென்ஸ் வான் பிர்க்கே. ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகரில் இருந்தவர். 1906-ல் இந்தச் சொல்லை எழுதினார். கிரேக்க மொழியில் “வேறு”, “வேலை” என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து அதை உண்டாக்கினார். உடம்பு வழக்கத்துக்கு மாறாக வேலை செய்கிறது என்பது பொருள். தமிழில் “ஒவ்வாமை” என்கிறோம்.

நோய்க் கிருமி வந்தால் அதை எதிர்த்து நிற்க நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை சில பேருக்குத் தவறிவிடுகிறது. கெடுதல் செய்யாத இறாலையும், பாலையும், தூசியையும் பகை என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அப்போது உடம்பில் “ஹிஸ்டமின்” என்ற பொருள் கொட்டுகிறது. அரிப்பு, தடிப்பு, தும்மல் எல்லாம் அதனால் வருபவைதான்.

தோலில் சோதிக்கும் முறை இன்னும் பழையது. இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரில் சார்லஸ் பிளாக்லி என்று ஒரு டாக்டர் இருந்தார். புல் பூக்கும் காலம் வந்தால் அவருக்கு ஓயாத தும்மல். காரணம் பூந்தூள்தானா என்று பார்க்க, தம் கையையே கீறி அதில் பூந்தூளை வைத்தார். கை தடித்து வீங்கியது! 1873-ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

இப்போது கீறுவது இல்லை. முறை எளிதாகிவிட்டது.

எப்படிச் செய்கிறார்கள்?

குழந்தையின் முன்கையைத் துடைப்பார்கள். பச்சைக் குழந்தையாக இருந்தால் முதுகில் செய்வதும் உண்டு. பேனாவினால் சிறு சிறு அடையாளம் போடுவார்கள். ஒவ்வொரு அடையாளத்தின் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். ஒரு சொட்டு பாலுக்கு. ஒன்று முட்டைக்கு. ஒன்று வேர்க்கடலைக்கு. ஒன்று இறாலுக்கு. தும்மலும் மூச்சிரைப்பும் உள்ள குழந்தை என்றால், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கரப்பான் பூச்சி, பூனை முடி, பார்த்தீனியச் செடியின் பூந்தூள் ஆகியவற்றுக்கும் சொட்டு உண்டு.

பிறகு சொட்டின் மேல் ஒரு சின்ன முள் போன்ற கருவியால் லேசாகக் குத்துவார்கள். தோலின் மேல் படலத்தை மட்டும் அது தொடும். பெரும்பாலும் ரத்தம் வராது. தடுப்பூசியைப் போல் சதையில் இறங்குவது இல்லை. நாலைந்து குத்து இருக்கலாம். பதினைந்து, இருபதும் இருக்கலாம். குழந்தையின் கதையைக் கேட்டுவிட்டு டாக்டர் முடிவு செய்வார். எல்லாம் இரண்டு மூன்று நிமிட வேலை.

அதன் பின் 15 நிமிடம் முதல் 20 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். ஆகாத பொருளின் சொட்டு, கொசு கடித்ததைப் போல் தடித்துவிடும். டாக்டர் அளவுகோலை வைத்து அளப்பார்.

இரண்டு சொட்டுக்களை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர். அது யாருக்கும் தடிக்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின். அது எல்லோருக்கும் தடித்தாக வேண்டும்! மற்ற சொட்டுகளை இந்த இரண்டோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். உப்புத் தண்ணீர்ச் சொட்டை விட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ஆகையால் உங்கள் குழந்தைக்கு ஒரு தடிப்பாவது நிச்சயம் வரும். அதைப் பார்த்து, “ஐயோ!” என்று நீங்கள் அலறிவிடாதீர்கள்.

சளி மருந்து கெடுத்துவிடும்!

இதை நன்றாகக் கவனியுங்கள்.

அரிப்புக்கும், தும்மலுக்கும், மூக்கு ஒழுகுவதற்கும் கொடுக்கும் மருந்துகள் ஹிஸ்டமினைக் கட்டிப் போடுபவை. அந்த மருந்து குழந்தையின் உடம்பில் இருக்கும்போது சோதனை செய்தால், எந்தச் சொட்டும் தடிக்காது. ஹிஸ்டமின் சொட்டே தடிக்காது! சோதனை வீண். பஸ் பிடித்து வந்தது வீண். தகப்பனார் ஒரு நாள் கூலியை விட்டது வீண்.

செட்ரிசின், லீவோசெட்ரிசின், ஹைட்ராக்சிசின், குளோர்பெனிரமின். இவை எல்லாம் அந்த வகை. இதில் ஒரு சங்கடம் உண்டு. “அரிப்பு மருந்து எதுவும் கொடுக்கவில்லை” என்று தாய் சத்தியம் செய்வார். ஆனால் மூன்று நாளைக்கு முன் மருந்துக் கடையில் வாங்கிய சளி மருந்தில் குளோர்பெனிரமின் கலந்திருக்கும். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

எனவே சோதனைக்குத் தேதி வாங்கும் அன்றே, வீட்டில் உள்ள மருந்துப் பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் வாசிக்க வராவிட்டாலும் பாதகம் இல்லை. டாக்டர் பார்த்து, “இதை நிறுத்து, இதை நிறுத்தாதே” என்று சொல்லிவிடுவார். பொதுவாக 3 நாள் முதல் 7 நாள் வரை நிறுத்தச் சொல்வார்கள். சில மருந்துகளுக்கு இன்னும் அதிக நாள் ஆகும்.

நாமாக நிறுத்தக் கூடாத மருந்து ஒன்று உண்டு. மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து! சோதனைக்குப் போகிறோமே என்று அதையும் சேர்த்து நிறுத்திவிடுகிற வீடுகள் இருக்கின்றன. அது ஆபத்து. அந்த மருந்து சோதனையைக் கெடுக்காது. மூச்சு இரைக்கிற குழந்தைக்குச் சோதனையும் செய்யமாட்டார்கள்.

மருந்து நிறுத்திய நாட்களில் குழந்தைக்குத் தடிப்பு பொறுக்க முடியாமல் வந்தால் என்ன செய்வது? தேதி போகிறதே என்று குழந்தையைத் துடிக்க விடாதீர்கள். மருந்தைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். வேறு தேதி தருவார்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

எண்ணெய் வேண்டாம், பட்டினி வேண்டாம்

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் என்றால் குழந்தையைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, பவுடர் போட்டு, பளிச்சென்று அழைத்துப் போவது நம் வழக்கம். இந்தச் சோதனைக்கு மட்டும் கையிலும் முதுகிலும் எண்ணெய் கூடாது. களிம்பு, பவுடர் எதுவும் கூடாது. எண்ணெய் இருந்தால் சொட்டு நிற்காமல் ஓடிவிடும். ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். வெறும் தண்ணீரில் குளிப்பாட்டினால் போதும். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டால் யாரும் கேட்கப் போவது இல்லை.

“ரத்தம் எடுப்பார்கள், ஒன்றும் கொடுக்காதே” என்று குழந்தையைப் பட்டினி போட்டு அழைத்து வருகிறவர்களும் உண்டு. வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொடுங்கள். பசித்த குழந்தை ஒரு நிமிடம்கூட உட்காராது.

சட்டை அரைக்கையாக இருக்கட்டும். பட்டுப் பாவாடைக்கு இது நாள் அல்ல.

சோதனைக்கு முன் டாக்டர் பல கேள்விகள் கேட்பார். என்ன சாப்பிட்டது? எவ்வளவு நேரம் கழித்து வந்தது? எத்தனை மணி நேரம் இருந்தது? வாந்தி எடுத்ததா? முன்பு அதே பொருளைச் சாப்பிட்டபோது எப்படி? உண்மையில் பாதிச் சோதனை இந்தக் கேள்விகளில் முடிந்துவிடுகிறது! ஆகவே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பெரிய பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தடிப்பு வந்தபோது செல்போனில் படம் பிடித்து வைத்தால் மிகவும் நல்லது. டாக்டர் பார்க்கும் நேரத்தில் தடிப்பு இருப்பதே இல்லை. கடைப் பண்டம் தின்று வந்திருந்தால், அதன் உறையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள்.

“ஊசி போட்டுடுவார்!”

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். குழந்தையை எப்படித் தயார் செய்வது?

நம் வீடுகளில் டாக்டருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். சோறு உண்ணாத குழந்தையை மிரட்டும் வேலை! “சாப்பிடுறியா, டாக்டர்கிட்டே சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா?” என்று தினம் கேட்கிறோம். பூச்சாண்டிக்கு அடுத்த இடம் டாக்டருக்குத்தான். அப்படி வளர்ந்த குழந்தையை அதே டாக்டரின் முன்னால் உட்கார வைத்தால் அது அலறாமல் என்ன செய்யும்? தேதி வாங்கிய நாள் முதலாவது இந்த மிரட்டலை விட்டுவிடுங்கள்.

பொய் சொல்லாதீர்கள். “கடைக்குப் போறோம், பொம்மை வாங்கப் போறோம்” என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால், அடுத்த முறை கடைக்குக் கூப்பிட்டாலும் குழந்தை வராது. “வலிக்கவே வலிக்காது” என்பதும் பொய்தான். முதல் குத்திலேயே உங்கள் பொய் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது.

எப்போது சொல்வது? மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு முதல் நாள் மாலையில் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரமும் அதே நினைப்பாக இருக்கும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லலாம்.

எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“கண்ணு, நாளைக்கு டாக்டர் மாமாவைப் பார்க்கப் போறோம். உனக்கு எதனால அரிக்குதுன்னு அவர் கண்டுபிடிக்கப் போறார். உன் கையிலே சொட்டுச் சொட்டா தண்ணி வைப்பார். அப்புறம் சுருக்குனு ஒரு சின்னக் குத்து.”

“ஊசியாம்மா?”

“பெரிய ஊசி இல்லே. நகத்தாலே கிள்ளினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. உடனே போயிடும். அப்புறம் கொஞ்சம் அரிக்கும். சொறியக் கூடாது.”

“நீ கூட இருப்பியா?”

“உன்னை மடியிலே வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

குழந்தை கேட்கிற கடைசிக் கேள்வி அதுதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அன்று மாலை வீட்டிலேயே ஒரு விளையாட்டு விளையாடலாம். பாட்டியின் கையில் பேனாவினால் வரிசையாகப் புள்ளி வையுங்கள். குழந்தையே டாக்டர்! ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கட்டும். நகத்தால் லேசாகத் தொடட்டும். “அரிக்குதா பாட்டி? சொறியாதே!” என்று அதட்டட்டும். பிறகு பொம்மைக்கு. பிறகு குழந்தையின் கைக்கு. செலவு இல்லை. இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினைந்து நிமிடம்

குத்துவது பெரிதல்ல. அரிக்கிற கையைச் சொறியாமல் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டுமே, அதுதான் பெரிது!

சொறிந்தால் சொட்டுக்கள் கலந்துவிடும். சொறிந்த இடமெல்லாம் தடிக்கும். எது எதனால் வந்தது என்று தெரியாது. ஆகவே அந்த நேரத்துக்கு என்று எதையாவது கையோடு கொண்டுபோங்கள். படப் புத்தகம், சோப்பு நுரை ஊதும் குழல், குழந்தைக்குப் பிடித்த கதை. ஆட்டு மந்தையைப் பாலம் தாண்ட விட்டு ஒவ்வொன்றாக எண்ணுகிற கதை இந்த நேரத்துக்கு நல்லது. முடிவே இல்லை! செல்போனில் படம் காட்டுவதைப் பற்றிப் பல பேர் குறை சொல்வார்கள். இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு நான் குறை சொல்லமாட்டேன்.

குழந்தையை மடியில் உங்கள் பக்கம் பார்க்கும்படி உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்யும் கையை வெளியே நீட்டி வைக்கலாம். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது வேண்டாம். குத்துகிற நேரத்தில் “பூ” என்று ஊதச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்று கேட்காதீர்கள். கைக்குழந்தை இருந்தால் அன்று மட்டும் வீட்டில் யாரிடமாவது விட்டு வாருங்கள்.

அளந்து முடித்ததும் கையைத் துடைத்துவிடுவார்கள். ஈரத் துணி வைத்தால் அரிப்புத் தணியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தடிப்பு மறைந்துவிடும். எப்போதாவது சாயங்காலம் சிறிது வீங்கினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சோதனையால் உடம்பு முழுவதும் கோளாறு வருவது மிக மிக அரிது. ஆனாலும் வரலாம். அதனால்தான் மருந்தும் டாக்டரும் தயாராக உள்ள இடத்தில் செய்கிறார்கள். முடிந்ததும் ஓடாமல், “போகலாம்” என்று சொல்லும் வரை இருங்கள்.

தோல் முழுவதும் படை உள்ள குழந்தைக்கும், அரிப்பு மருந்தை நிறுத்தவே முடியாத குழந்தைக்கும் ரத்தத்தில் சோதிப்பார்கள். அதற்கு மருந்தை நிறுத்த வேண்டியது இல்லை. “ஐ.ஜி.ஈ.” என்ற பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். அதை 1966-ல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அமெரிக்காவில் வேலை பார்த்த ஒரு ஜப்பானியத் தம்பதி. இஷிசாகா என்பது அவர்கள் குடும்பப் பெயர்.

தடித்தால் அலர்ஜியா?

அதுதான் இல்லை!

முட்டைச் சொட்டு தடிக்கிறது. ஆனால் குழந்தை தினம் முட்டை தின்கிறது. ஒன்றும் வருவது இல்லை. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு முட்டை அலர்ஜி இல்லை. சொட்டு தடிப்பது ஒரு சாட்சி. குழந்தைக்கு நடந்தது இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப் போனால்தான் தீர்ப்பு. சந்தேகமாக இருந்தால், ஆஸ்பத்திரியிலேயே வைத்து, அந்தப் பண்டத்தைத் துளித் துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதை வீட்டில் நீங்கள் செய்யக் கூடாது.

ஒரே சீட்டில் 100 பொருள், 200 பொருள் சோதிக்கிறோம் என்று சொல்லி ரத்தம் எடுக்கிறார்கள். தலைமுடியில் சோதிக்கிறோம் என்பவர்களும் உண்டு. சீட்டு வரும்போது அரிசி, கோதுமை, தக்காளி என்று நாற்பது பெயருக்குச் சிவப்புக் கோடு! “ஐ.ஜி.ஜி.” என்ற வேறு ஒரு பொருளை அளந்து உணவை நிறுத்துவது சரியல்ல என்று உலகின் பெரிய அலர்ஜி டாக்டர் சங்கங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தப் பணத்தில் குழந்தைக்கு எத்தனை நாள் முட்டை வாங்கலாம்!

காரணம் இல்லாமல் நிறுத்துவது கெடுதலும் செய்யும். 2015-ல் லண்டனில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. படையோ, முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் இதே தோல் சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு வேர்க்கடலைப் பண்டம் கொடுத்து வந்தார்கள். மற்றவர்களுக்கு அறவே கொடுக்கவில்லை. சோதனையில் கடலைச் சொட்டு தடிக்காத குழந்தைகளை ஐந்து வயதில் பார்த்தார்கள். கடலையே கொடுக்காத கூட்டத்தில் 100-க்குச் சுமார் 14 பேருக்குக் கடலை அலர்ஜி. தின்றவர்களில் 100-க்கு 2 பேருக்குத்தான்! இதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தையின் வாயில் கடலையைப் போட்டுவிடாதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குழந்தைக்குப் படை இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது சரியாகிவிடுகிறது. எனவே, “மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்?” என்று கேட்டு வாருங்கள். கடலை, மீன், இறால் அப்படி அல்ல. பல பேருக்குப் பெரியவர்கள் ஆன பிறகும் தொடரும்.

திரும்பும் முன் டாக்டரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள். எதைக் கொடுக்கக் கூடாது? எதைத் தாராளமாகக் கொடுக்கலாம்? ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஆபத்து எப்படி வரும்? தடிப்போடு மூச்சு திணறும். குரல் கம்மும். விடாமல் வாந்தி வரும். குழந்தை துவண்டு விழும். அப்போது மிளகும் வெற்றிலையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அரிப்பு மருந்தும் போதாது. தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். தூக்கி நிறுத்தி நடக்க விடாதீர்கள்.

எழுதி வாங்கிய தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அங்கன்வாடி டீச்சரிடமோ, பள்ளிக்கூடத்திலோ கொடுங்கள். சத்துணவில் முட்டை போடுகிறார்கள் அல்லவா? அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.